பில்ட் ஸ்கிரிப்ட்டுக்கு எது ஏற்றது: எங்கும் ஓடும் ஷெல்லா, வசதிகள் நிறைந்த மொழியா?

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி வட்டாரத்துக் கல்லூரி ஆய்வகங்களிலும், கங்கைகொண்டான் எல்காட் பூங்காவிலும், தென்காசிப் பக்கத்துச் சிறு மென்பொருள் குழுக்களிலும் அடிக்கடி காதில் விழும் ஒரு வாசகம் உண்டு: "எம் மெஷின்ல ஓடிச்சே, சார்." சொல்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். அவருடைய மெஷினில் ஓடியது, சர்வரில் நின்றுவிட்டது. இடையில் நிற்பது நிரலின் பிழையாக இல்லாமல், அந்த நிரலைக் கட்டி எழுப்பும் பில்ட் ஸ்கிரிப்ட்டின் பிழையாக இருப்பது பல நேரங்களில் கவனத்துக்கே வருவதில்லை. அந்த ஸ்கிரிப்ட்டை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி ரசனை சார்ந்த சண்டையாகவே நடந்துவருகிறது. அதற்குள் இருக்கும் தொழில்நுட்பக் காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கத்துக்கு ஒரு திட்டப்பணியை வைத்துக்கொள்வோம். நெல்லை வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு அகராதி செய்ய வேண்டும். எழுத்துக்கு ஒரு கோப்பாகச் சொற்கள் இருக்கின்றன; அவற்றைச் சேர்த்து, அகர வரிசைப்படுத்தி, இணையப் பக்கங்களும் ஒரு பிடிஎஃப் கோப்பும் உருவாக்க வேண்டும். ஆய்வகக் கணினிகளில் உபுண்டு, வழிகாட்டும் ஆசிரியரிடம் மேக், வெளியிடும் சர்வரில் அல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸ் உள்ள கன்டெய்னர் (நிரலைத் தனித்து ஓட்டும் பொதி).

ஒரே ஸ்கிரிப்ட், மூன்று தோல்விகள்

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்; அதில் பல வகை உண்டு. மாணவர் எழுதிய ஸ்கிரிப்ட்டின் முதல் வரி, இதை பாஷ் என்ற ஷெல்லில் ஓட்டுக என்கிறது. உள்ளே இரட்டைச் சதுர அடைப்புக்குறியில் நிபந்தனைகளும், சொல்லுக்குப் பொருளை இணைத்து வைக்கும் இணைப்புப் பட்டியல் ஒன்றும் இருக்கின்றன.

1. உபுண்டுவில், வழக்கப்படி 'எஸ்ஹெச்' என்று தட்டி அதன் பின்னே கோப்பின் பெயரைக் கொடுக்கிறார்கள். இப்படி ஓட்டினால் முதல் வரிக்கு மதிப்பே கிடையாது. டாஷ் என்ற வேறு ஷெல் அதைப் படிக்கிறது. டாஷுக்கு [[ என்பது தெரியாத ஒரு கட்டளை. 'அப்படி ஒன்று இல்லை' என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு, நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. ஸ்கிரிப்ட் நிற்காததால் தவறு வெளியில் தெரிவதில்லை. மூன்று தோல்விகளில் மோசமானது இதுதான்.

2. மேக்கில் பாஷ் இருக்கிறது, ஆனால் 3.2 பதிப்பு. அது 2006-இல் வந்தது. இணைப்புப் பட்டியல் 2009-இல் வந்த 4.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அந்தப் பதிப்பிலிருந்து பாஷின் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியதால் ஆப்பிள் பழையதிலேயே நின்றுவிட்டது; 2019-இல் வந்த கேடலினாவில் பயனரின் இயல்பு ஷெல்லாக இசட்-ஷெல்லை வைத்தது.

3. அல்பைனில் பாஷ் இயல்பாக இருப்பதே இல்லை. அங்கே கிடைக்கும் செய்தி இன்னும் குழப்பமானது: கண் முன்னே இருக்கும் ஸ்கிரிப்ட்டின் பெயரைச் சொல்லி, 'அது இல்லை' என்கிறது. உண்மையில் இல்லாதது ஸ்கிரிப்ட் அன்று. அதன் முதல் வரியில் குறித்த பாஷ்.

'எஸ்ஹெச்' என்பது எது?

ஸ்டீபன் பார்ன் பெல் ஆய்வகத்தில் எழுதிய ஷெல் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. 'எஸ்ஹெச்' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது அதுவே. பிறகு அதே பெயருக்குப் பின்னால் வெவ்வேறு நிரல்கள் வந்து அமர்ந்தன. குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989-இல் வந்தது. எந்த ஷெல்லாக இருந்தாலும் குறைந்தபட்சம் எவையெல்லாம் இயங்க வேண்டும் என்பதை 1992-இல் பாசிக்ஸ் தரநிலை வரையறுத்தது. 'எங்கும் ஓடும் ஷெல்' என்று இக்கட்டுரையில் சொல்வது இந்தத் தரநிலைக்குள் அடங்கி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்டை மட்டுமே.

நெடுநாள் லினக்ஸில் 'எஸ்ஹெச்' என்றாலும் பாஷ்தான் கிடைத்தது. அதனால் ஒரு தலைமுறையே இரண்டையும் ஒன்றென்று பழகிவிட்டது. 2006 அக்டோபரில் உபுண்டு 6.10, வேகத்துக்காக அந்த இடத்தில் டாஷை வைத்தது. 2011-இல் டெபியன் 6.0 பின்தொடர்ந்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. ஆக, இந்த வட்டாரத்தில் லினக்ஸ் பழகியவர்களில் பலர், தமக்குத் தெரியாமலே இரண்டு ஷெல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவருகிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்லலாம். பாசிக்ஸ் ஷெல் ஒரு நியாயமான தேர்வு; பைத்தான் போன்ற மொழியும் நியாயமான தேர்வு. 'எஸ்ஹெச்' என்று பெயர் போட்டுக்கொண்டு பாஷின் வசதிகளை நம்பி எழுதுவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. எங்கும் ஓடும் பலனும் அதில் இல்லை, வசதியான மொழியின் பலனும் இல்லை. நடைமுறையில் காணக் கிடைக்கும் ஸ்கிரிப்ட்டுகளோ பெரும்பாலும் இந்த வகைதான்.

பில்ட் ஸ்கிரிப்ட் செய்யும் வேலைகள்

ஒரே கோப்பில் எழுதப்பட்டாலும் அங்கே நடக்கும் வேலைகள் மூன்று. மெஷினைப் பரிசோதிப்பது முதலாவது: கம்பைலர் இருக்கிறதா, எந்தப் பதிப்பு, எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா. எது மாறியது, எதை மட்டும் மறுபடி செய்தால் போதும், எதை முதலில் செய்ய வேண்டும் என்ற சார்புக் கணக்கு இரண்டாவது. கட்டளைகளை வரிசையாக ஓட்டி, கோப்புகளை நகலெடுத்து, சுருக்கி, அனுப்புவது மூன்றாவது.

இரண்டாவது வேலைக்கென்றே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் மேக் என்ற கருவியை எழுதினார். (ஆப்பிளின் மேக் வேறு, இது வேறு, குழப்பம் வராதிருக்க இனி இதை மேக் கருவி என்றே குறிப்போம்.) கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற அதன் விதி இன்றும் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கிறது என்றாலும், சார்புக் கணக்கை ஷெல்லிலோ பைத்தானிலோ கையால் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். ஷெல்லா பைத்தானா என்ற வாக்குவாதத்தின் பாதி, இந்த இரண்டாவது வேலையை இரண்டில் ஒன்றின் தலையில் கட்டப் பார்ப்பதால் எழுவதே.

பாசிக்ஸ் ஷெல்: வலிமையும் வரம்பும்

அதன் வலிமை, எதற்கும் முன்பே அது அங்கே இருப்பதுதான். பைத்தானை அதன் மூலநிரலிலிருந்து கட்ட வேண்டுமானால் முதலில் ஓடுவது 'கான்ஃபிகர்' என்ற ஷெல் ஸ்கிரிப்ட். பிறகு மேக் கருவி. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு வரும் தாமிரபரணித் தண்ணீர் மேலே உள்ள ஏழு அணைக்கட்டுகளைக் கடந்தே வந்தாக வேண்டும் என்பதைப் போல, எந்த வசதியான மொழியும் தனக்கு மேலே உள்ள அடுக்குகளைக் கடந்தே ஒரு மெஷினுக்கு வந்து சேர்கிறது. புதிய கட்டமைப்புள்ள கணினிக்கோ மிகச் சிறிய கருவிக்கோ மென்பொருள் கட்டுபவர்களுக்கு ஷெல்லை விட்டால் பெரும்பாலும் வேறு வழி கிடையாது.

வரம்புகள் பின்வருவன, முதல் மூன்றும் பிழைகளைப் பற்றியவை, கடைசி இரண்டும் தரவைப் பற்றியவை.

1. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப் வழியே கட்டளைகளைக் கோத்தால், கடைசிக் கட்டளையின் வெற்றிதான் முழுக் கோவையின் வெற்றி. சொற்களை வெளியிடும் நிரல் பாதியில் செத்துப்போனாலும், அதை வாங்கி வரிசைப்படுத்தும் 'சார்ட்' தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டதால் எல்லாம் நன்றாக நடந்ததாகவே கணக்கு. ககர வரிசையோடு முடிந்துபோன அகராதி பிழைச் செய்தி இல்லாமல் வெளியாகும். இதைத் தடுக்கும் 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பு பாசிக்ஸில் 2024 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய டாஷ்கள் அதை அறியா.

2. பிழை வந்தால் நில் என்று சொல்லும் 'செட் -இ' நம்பத்தக்கதன்று. ஒரு செயற்கூற்றை 'இஃப்' நிபந்தனையில் அழைத்தால், அந்தச் செயற்கூற்றின் உள்ளே முழுவதும் அது செயலிழந்துவிடும். தரநிலையே அப்படித்தான் சொல்கிறது.

3. மதிப்பில்லாத மாறி பிழையாகாமல் வெற்றுச் சரமாகிவிடும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்ட், தன் கோப்புறையின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அதற்குக் கீழுள்ள அனைத்தையும் அழிக்கும் கட்டளையை ஓட்டியது. மாறி வெறுமையாகிப்போன நிலையில், பயனர் அழிக்க உரிமை பெற்ற கோப்புகளெல்லாம் அழிந்தன. அந்த வரியின் அருகே 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் நிரலர் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். மாறியின் பெயருக்குப் பின்னே :? என்ற இரண்டு குறிகளைச் சேர்த்திருந்தால், வெறுமையானவுடன் ஸ்கிரிப்ட் நின்றிருக்கும். அது பாசிக்ஸிலேயே உண்டு.

4. பட்டியல் என்ற ஒன்று ஷெல்லில் இல்லை; எல்லாமே சரம். மேற்கோள் குறியை மறந்தால், இடைவெளி உள்ள கோப்பின் பெயர் இரண்டாக உடையும். ஒரே கட்டளைகூட இடத்துக்கு இடம் மாறும்: கோப்பை அதே இடத்தில் திருத்தும் 'செட் -ஐ' வாய்ப்பு (மேலே சொன்ன set அன்று, இது sed என்ற வேறு கட்டளை) லினக்ஸிலும் மேக்கிலும் வெவ்வேறு வடிவில் எழுதப்பட வேண்டும், 'எக்கோ' சாய்கோடுகளைப் பொருள்கொள்ளும் முறை ஷெல்லுக்கு ஷெல் வேறுபடும் (அதனால் 'பிரின்ட்எஃப்' நல்லது).

5. தமிழ் உரை. இது சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது.

தமிழ் உரையைக் கையாளும்போது

'நெல்லை' என்ற சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் மூன்று. யூனிகோடில் அது ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8 கோப்பில் 18 பைட்டுகள். அதன் நீளம் என்ன என்று டெபியன் 12-இல் உள்ள டாஷைக் கேட்டால் 18 என்கிறது. யூடிஎஃப்-8 அமைப்பில் ஓடும் பாஷ் 6 என்கிறது. பைத்தானும் 6 என்கிறது. மூன்று என்று எதுவும் தானாகச் சொல்வதில்லை. ஆனால் பைத்தானில் அதை எண்ணும் செயற்கூறு ஒன்றை எழுதிவிட்டால், எல்லா மெஷினிலும் ஒரே விடை வரும்.

அகர வரிசையில் சிக்கல் இன்னும் வெளிப்படை. தமிழ் மரபில் ழகரம் முன்னே, னகரம் கடைசி; எனவே 'மழை' வந்த பிறகே 'மனை' வர வேண்டும். யூனிகோட் அட்டவணையிலோ னகரம் நகரத்தை ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் 'மனை' முந்திக்கொள்ளும். அதேபோல் 'களை'க்கு முன்னே 'கறி' வரும். புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னே தள்ளப்படும். உபுண்டுவில் தமிழ் லோக்கேல் (மொழிக்கேற்ற விதிகளைத் தரும் அமைப்பு) நிறுவித் தேர்ந்திருந்தால் 'சார்ட்' தமிழ் வரிசைக்கான விதிகளைப் பின்பற்றும். அல்பைன் பயன்படுத்தும் மஸ்ல் லைப்ரரியில் லோக்கேல் எதுவானாலும் குறியீட்டு எண் வரிசையே. ஆய்வகத்தில் சரியாக இருந்த அகராதி சர்வரில் கலைந்து வருவதற்கு இதுவே காரணம். ஸ்கிரிப்ட்டில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

கோப்பின் பெயரே தமிழானால் இன்னொன்று சேரும். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தே சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் கணினிக்கு வேறு வேறு. இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானோடு வரும் லைப்ரரியிலேயே உள்ளது. ஷெல்லில் அப்படி எதுவும் இல்லை.

வசதியான மொழியின் விலை

மேலே சொன்னவற்றைப் படித்தவுடன் எல்லாவற்றையும் பைத்தானுக்கு மாற்றிவிடத் தோன்றும். அங்கும் செலவு உண்டு.

முதலாவது, பைத்தான் அந்த மெஷினில் இருக்க வேண்டும். எதிர்பார்க்கும் பதிப்பில் இருக்க வேண்டும். அல்பைனின் அடிப்படைப் பிம்பத்தில் பைத்தானும் இல்லை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. பேக்கேஜ் கட்டுவதற்காக நெடுங்காலம் உடன்வந்த 'டிஸ்டியூட்டில்ஸ்' 2023-இல் வந்த 3.12 பதிப்பில் நீக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பில்டுகள் நின்றன. அதே ஆண்டு வந்த டெபியன் 12-இல் சிஸ்டத்தின் பைத்தானுக்குள் நேரடியாக 'பிப்' என்ற பேக்கேஜ் நிறுவும் கருவி மூலம் எதையும் நிறுவ முயன்றால் மறுப்புச் செய்திதான் கிடைக்கும். தனிச் சூழல் ஒன்று உருவாக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் பாசிக்ஸுக்கு அடங்கி எழுதப்பட்ட ஷெல் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இன்றும் ஓடும். இந்த நிலைத்தன்மையைப் பைத்தானிடம் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, பிழை வந்தால் பைத்தான் தானாக நின்றுவிடும் என்பது பாதி உண்மைதான். பைத்தானுக்குள் எழும் பிழைக்கு நிற்கும். வெளிக்கட்டளையை 'சப்பிராசஸ்' வழியே ஓட்டும்போது, 'செக்' என்பதை 'உண்மை' என்று குறிப்பிடாவிட்டால், அந்தக் கட்டளை தோற்றாலும் நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஷெல்லில் செய்த தவறையே இன்னும் நீளமான வரிகளில் செய்ததாக முடியும்.

மூன்றாவது, விண்டோஸில் பைத்தான் கோப்பைத் திறக்கும்போது, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நாம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், 3.14 பதிப்பு வரை அந்த விண்டோஸின் பழைய குறியாக்கத்தையே எடுத்துக்கொள்ளும். தமிழ்க் கோப்பு முதல் வரியிலேயே இடறும், அல்லது குப்பை எழுத்தாகப் படிக்கப்படும்.

பில்ட் வேலைக்கென்றே உருவான சிமேக், மேசான், பேசல் போன்ற கருவிகள் வேறொரு பாதை. இவற்றில் மேசானும் பேசலும் வேண்டுமென்றே குறைந்த வசதியுள்ள மொழியைத் தருகின்றன. பில்ட் கோப்பு ஒரு முழு நிரலாக வளர்ந்துவிடக் கூடாது என்பதே எண்ணம். 2023-இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 16-ஆம் பதிப்பு தன் பழைய கான்ஃபிகர் முறையோடு மேசானையும் சேர்த்துக்கொண்டது. சி, சி++ திட்டங்களுக்கு இவை நல்ல தேர்வு. நம் அகராதிக்கு அளவுக்கு மீறியவை.

படிக்க முடியாத ஸ்கிரிப்ட்டும் பாதுகாப்பும்

2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் நிரலரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று புதைக்கப்பட்டிருப்பதை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைய சுமார் அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்ததிலிருந்து அவர் அதைத் துருவிக் கண்டார். செய்தியில் பலருக்கும் புரியாமல் போனது, அது உள்ளே நுழைந்த வழி. தீய நிரல், சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில் மறைந்திருந்தது. அதைப் பிரித்தெடுத்து இணைக்கும் வரிகள், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்த ஓர் எம்4 கோப்பில் வைக்கப்பட்டு, அதிலிருந்து உருவாகும் கான்ஃபிகர் ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. பொதுவில் இருந்த மூலநிரல் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. ஆயிரக்கணக்கான வரிகளுள்ள கான்ஃபிகரை எவரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் நடந்த வேலை அது.

இதை ஷெல்லுக்கு எதிரான சாட்சியமாக மட்டும் காட்டுவது சரியாகாது. அதே திட்டத்தின் சிமேக் கோப்பிலும் ஒரு தந்திரம் இருந்தது: பாதுகாப்பு வசதி ஒன்று மெஷினில் உண்டா என்று சோதிக்கும் சிறு நிரல்துண்டில் ஒரே ஒரு புள்ளி செருகப்பட்டிருந்தது. அதனால் அந்தச் சோதனை எப்போதும் தோற்று, அவ்வசதி ஓசையின்றி அணைக்கப்பட்டது. 'இல்லை' என்ற விடைக்கும் 'சோதனையே பிழையானது' என்ற விடைக்கும் வேறுபாடு காட்டாத பில்ட் முறை எந்த மொழியில் இருந்தாலும் இந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

தேர்வு செய்யும் முறை

கூகுளின் ஷெல் நடைக் கையேடு, ஸ்கிரிப்ட் 100 வரியைத் தாண்டினால் வேறு மொழிக்கு மாற்றச் சொல்கிறது. கணக்கு எளிது, அளவுகோலாக மட்டும் அவ்வளவு சிறப்பில்லை. கோப்புறை உண்டாக்கி நகலெடுக்கும் நேர்க்கோட்டு வரிகள் முந்நூறு இருந்தாலும் ஷெல்லில் கெடுதல் இல்லை. சரத்தை ஒட்டி வெட்டிக் கட்டளையாக்கி ஓட்டும் முப்பது வரிகள் ஆபத்தானவை. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இவை:

1. இதை யார் ஓட்டுவார்கள்? முன்பின் தெரியாதவர், தெரியாத மெஷினில் என்றால் தொடக்கம் பாசிக்ஸ் ஷெல்லாக இருக்கட்டும். நம் குழு மட்டும், நாமே அமைத்த கன்டெய்னரில் மட்டும் என்றால் இந்தக் கட்டுப்பாடு வேண்டாம்.

2. ஸ்கிரிப்ட் எதையாவது நினைவில் வைத்துக்கொள்கிறதா? பட்டியல், இணைப்பு, ஜேசான், தமிழ்ச் சொல் என்று தரவு உள்ளே வந்த கணத்திலேயே அந்தப் பகுதியை வேறு மொழிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

3. அடுத்த ஆண்டு இதைத் திருத்தப்போவது யார்? திட்டப்பணியை அடுத்த அணி மாணவர்களிடம் ஒப்படைக்கும் கல்லூரியில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். அவர்களுக்குப் பைத்தான் பாடத்திலேயே இருக்கிறது. 'செட் -இ'யின் விதிவிலக்குகள் எந்தப் பாடத்திலும் இல்லை.

நம் அகராதிக்கு இதன்படி வரும் அமைப்பு: பைத்தானும் மேக் கருவியும் உண்டா என்று பார்த்து, இல்லையேல் தெளிவாகச் சொல்லி நிற்கும் சிறு பாசிக்ஸ் ஸ்கிரிப்ட்; எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதை மட்டும் சொல்லும் மேக் கோப்பு; சொற்களைப் படித்து, வடிவொழுங்கு செய்து, தமிழ் வரிசையில் அடுக்கும் பைத்தான் நிரல். அந்த நிரல் பைத்தானோடு வரும் லைப்ரரிகளை மட்டும் பயன்படுத்தினால் 'பிப்' பக்கமே போக வேண்டியதில்லை. ஷெல் பகுதியை எழுதியவுடன் டாஷில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். 'ஷெல்செக்' என்ற இலவசக் கருவி, முதல் வரியில் 'எஸ்ஹெச்' என்றிருந்தால் பாஷுக்கே உரிய வசதிகளைச் சுட்டிக்காட்டிவிடும்.

ஏற்கெனவே இருக்கும் ஸ்கிரிப்ட்டை மாற்றும்போது

நானூறு வரி ஸ்கிரிப்ட்டை ஒரே வாரத்தில் புதிதாக எழுத முனைவது பெரும்பாலும் இரண்டு அரைகுறை ஸ்கிரிப்ட்டுகளில் முடியும். முதல் வேலை, அதன் முதல் வரியை உண்மையாக்குவது: பாஷ் வேண்டுமென்றால் பாஷ் என்றே எழுதி, சர்வரிலும் அதை நிறுவிவிடலாம், அதில் இழிவொன்றும் இல்லை. அடுத்து, தரவைக் கையாளும் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பைத்தானுக்குப் பெயர்த்து, ஒவ்வொரு முறையும் பழைய ஸ்கிரிப்ட் தந்த கோப்புகளையும் புதியது தந்தவற்றையும் 'சிஎம்பி' கட்டளையால் பைட்டுக்குப் பைட் ஒப்பிட வேண்டும். இணையப் பக்கங்கள் அப்படியே ஒத்துப்போகும். பிடிஎஃப் மட்டும், உள்ளே எதுவும் மாறாதபோதும், வேறுபாடு காட்டும்; உருவாக்கிய நேரம் அதற்குள் பதிவாவதே காரணம். 'சோர்ஸ்_டேட்_எபாக்' என்ற சூழல் மாறியில் ஒரு நிலையான நேரத்தைக் கொடுத்தால், அதை மதிக்கும் கருவிகள் நடப்பு நேரத்துக்குப் பதில் அந்த நேரத்தையே பதியும். பிறகு நேரத்தால் வந்து ஒப்பீட்டைக் குழப்பும் வேறுபாடு இராது.